விசிலுக்கு மட்டும் விலக்கு

முதலில் காணாமல் போனது வெந்நீர்ப் பை. இடுப்பு வலி வரும் நாட்களில் எனக்கு அதை விட்டால் வேறு துணை கிடையாது. அலமாரியில் தேடினேன், கட்டிலுக்கு அடியில் தேடினேன், இல்லை. மறுநாள் எண்ணெய் ஊற்றுகிற புனல் போயிற்று. அதற்கப்புறம் வாஷிங் மெஷினில் அழுக்குத் தண்ணீர் வெளியே போகிற குழாய். மெஷினை ஓட விட்டு, தண்ணீர் கூடம் வரைக்கும் வந்த பிறகுதான் அது போன விஷயமே எனக்குத் தெரிந்தது. வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஒருத்தி நான், துடைப்பத்தோடு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். இன்னொருவர் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்.

கதவைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் மயில்சாமி கட்டிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் அக்குளில் என் வெந்நீர்ப் பை. பையின் வாயில் என் மெஷின் குழாய். குழாயின் மறுமுனையில் என் புனல். நடுவில் ஒரு துண்டு எவர்சில்வர் குழாய் வேறு சொருகியிருந்தது, அது குளியலறையில் துண்டு போடுகிற கம்பியிலிருந்து அறுத்தது என்பதைப் பிறகு கண்டுபிடித்தேன். அதற்குள்ளே கறுப்பாக ஒரு தகடு. ஆஸ்பத்திரியில் அவர் தொண்டையை எடுத்த ஸ்கேன் படத்தில் ஒரு மூலையைக் கத்தரித்து நாக்கு மாதிரி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் பையை இறுக்கினார். சளி பிடித்த வாத்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

மயில்சாமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சோமனூரில் விசைத்தறி போட்டு ஓட்டிய மனிதர். வாழ்நாளெல்லாம் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. இவர் பேசினால் போனே தேவையில்லை, ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று என் தம்பி சொல்வான். தறிகளை விற்றுவிட்டுக் கோயமுத்தூரில் இந்த அடுக்குமாடிக்குக் குடிவந்த பிறகும் அந்தக் குரல் இறங்கவில்லை. அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டு, கழுத்தில் ஒரு துளை வைத்து அனுப்பினார்கள். மூச்சு போவதும் வருவதும் அந்தத் துளை வழியாகத்தான். பேச முடியாது, வாயால் ஒரு மெழுகுவர்த்தியைக்கூட ஊத முடியாது. ஆபரேஷனுக்குப் பிறகு வாசலைத் தாண்டவும் மாட்டேன் என்றுவிட்டார். கழுத்தை நாலு பேர் பார்ப்பார்களாம்.

துளையில் சளி கட்டிக்கொண்டால் மூச்சு அடைத்துவிடும், உடனே ஆள் வந்து எடுக்க வேண்டும், எப்போதும் கூப்பிடு தூரத்திலேயே இருங்கம்மா என்று டாக்டர் என்னிடம் படித்துப் படித்துச் சொன்னார். எங்கள் வீட்டில் கூப்பிடு தூரம் என்று ஒன்று கிடையாது என்பது அவருக்குத் தெரியாது.

காரணம், மௌனச் சுவர். இப்போது புதிதாகக் கட்டுகிற கட்டடங்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. எங்களுடையது போன்ற பழைய கட்டடங்களில் பிற்பாடு ஒட்டுகிறார்கள். சுவர், கூரை, கதவு நிலை எங்கும் மெல்லிய தகடு. ஓர் அறையின் சத்தம் இன்னோர் அறைக்குப் போகாது. மிக்சி, நாய், தண்ணீர் மோட்டார், எதுவும். ஒரே வீட்டுக்குள் மனிதர்கள் பேசுவதை மட்டும் போனால் போகிறதென்று விட்டுவிடும். அடுத்த வீட்டுக்கு அதுவும் போகாது.

இதைப் போடலாமா என்று குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் சிவப்பிரகாசம் கூட்டத்தில் கேட்டபோது முதலில் கை தூக்கியவர் சாட்சாத் என் வீட்டுக்காரர். எங்களுக்கு நேர் மேல் வீட்டில் தெரசா டீச்சர் என்று ஒருவர் தனியாக இருக்கிறார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் யாரோடும் பழகமாட்டார். அவர் நாளெல்லாம் நாற்காலியை இழுத்துக்கொண்டே இருக்கிறார் என்று இவருக்கு ஒரே எரிச்சல். டர்ர் என்று இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து இங்கே. கூரையைப் பார்த்து இவர் கத்தாத நாளில்லை. இவர் கத்துவதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மற்றவர்கள், இவருடைய குரலை நினைத்துக்கொண்டு கை தூக்கினார்கள். அந்த விஷயம் இவருக்கு இன்றுவரை தெரியாது.

எந்தெந்தச் சத்தத்துக்கு விலக்குக் கொடுக்கலாம் என்று அன்று பேச்சு வந்தது. தண்ணீர் லாரியின் ஹாரன், கீழே இருக்கும் பிள்ளையார் கோயில் மணி, தீப்பிடித்தால் அடிக்கிற மணி என்று ஆண்கள் பேசி முடித்து வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். நான் எழுந்து குக்கர் விசிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிற பொம்பளைக்கு விசில் கேட்க வேண்டாமா? எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சேர்த்தார்கள்.

அந்தச் சுவருக்குள்தான் இவர் குரலில்லாமல் வந்து படுத்தார். ஆஸ்பத்திரியில் ஒரு பேசும் கருவி கொடுத்திருந்தார்கள். எழுத்தைத் தட்டினால் அது பேசும். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவர் குரல், மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. “சுகந்தி, தயவுசெய்து காபி கொண்டுவரவும்” என்றது. கல்யாணம் ஆன நாள் முதல் இவர் வாயிலிருந்து தயவுசெய்து என்ற சொல்லை நான் கேட்டதில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை. ‘என்ற ஊட்டுல வேற எவனோ பேசறான்’ என்று உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிவிட்டு, கருவியைக் கொண்டுபோய்ச் செருப்பு அலமாரிக்குள் போட்டார்.

பிறகு மணிக்கட்டில் கட்டுகிற பட்டை ஒன்று வாங்கினோம். அவர் பொத்தானை அழுத்தினால் என் கையில் துடிக்கும். மாவு பிசையும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் அதைக் கழற்றி வைக்க வேண்டும். மாவு பிசையாமல் பாத்திரம் தேய்க்காமல் நான் இருக்கிற நேரம் எவ்வளவு? அந்தக் கொஞ்ச நேரத்திலும் கையிலிருந்து பேப்பர் நழுவினால்கூட அழுத்துவார். நானும் கடுகடுவென்று போய் நிற்பேன். நான் என்ன சொன்னாலும் பதிலுக்கு அவரால் ஒரு வார்த்தை திட்ட முடியாது. வாயைத் திறப்பார், காற்றுதான் வரும். அதைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

அதனால்தான் வெந்நீர்ப் பை. வாயால் ஊத முடியாதென்பதால் அக்குளால் ஊதினார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த வாத்து சுவரைத் தாண்டியது. சமையலறையில் நிற்கிறேன், பளிச்சென்று கேட்கிறது. காபிக்கு ஒரு கத்தல், டிவியை மாற்ற ஒரு கத்தல், எங்கேடி போய்த் தொலைந்தாய் என்பதற்கு நீளமாக ஒரு கத்தல். காதைப் பொத்திக்கொண்டுதான் போனேன். ஆனால் போனேன். புனலையும் குழாயையும் திருப்பிக் கேட்கவில்லை, புதிதாக வாங்கிக்கொண்டேன்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ஒரு நாள் காலையில் அறைக்குள் போனால் முகம் சிவக்கச் சிவக்கப் பையை அமுக்கிக்கொண்டிருக்கிறார், சத்தம் காதைக் கிழிக்கிறது. எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். கடிகாரத்தைக் காட்டினார். சமையலறையில் எனக்கு ஓர் ஒலியும் கேட்கவில்லை. சுவர் கெட்டுப்போய்விட்டது என்று சர்வீஸுக்குச் சொன்னேன். அப்ரின் என்று ஒரு பெண் வந்து, தகடுகளை எல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு, சுவர் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள்.

“புதுச் சத்தத்தை இது ஒடனே முழுங்காதுங்கக்கா. கொஞ்ச நாளு கவனிக்கும். அதே மாதிரி திரும்பத் திரும்ப வந்துச்சுன்னா, இது இரைச்சல்னு முடிவு பண்ணிட்டு எதிர்ச் சத்தம் போட்டு அமுக்கிரும்.”

“பேசறதை மட்டும் விடுதில்ல?”

“அதுல கொரலு இருக்குதுங்க.” அவரைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள். “இவரு கூப்புடறது ஒரு மனுசன் கூப்புடறதுன்னு சுவத்துக்குத் தெரியாதுங்கக்கா.”

தொண்டை போனதே தவிர அவர் காதுக்கு ஒன்றும் குறைவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டுக்கு மட்டும் அணைத்துவிட முடியாதா என்று கேட்டேன். நம்முடைய சுவர்தான் பக்கத்து வீட்டுக்கும் சுவர், ஒன்றை அணைத்தால் எல்லாம் அணையும் என்றாள். வாத்துக்கு ஒரு விலக்குக் கொடுக்க முடியாதா என்றால், அதற்குச் சங்கம் தீர்மானம் போட வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு வீட்டுக்காரர்கள் நேரில் வந்து கை தூக்க வேண்டும். சிவப்பிரகாசம் நல்ல மனிதர், கூட்டம் போட்டார். நானும் செயலாளரும் காவலாளியும் மட்டும்தான் வந்திருந்தோம். அடுத்த மாதம் மறுபடி போட்டார், காவலாளியும் வரவில்லை.

ஆனால் அப்ரின் சொன்னதில் இவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். சுவர் கற்றுக்கொள்வதற்குள் சத்தத்தை மாற்றிவிட வேண்டும். அதிலிருந்து என் வீடு வீடாக இல்லை. இட்லித் தட்டுகளைக் கம்பியில் கோத்து ஒன்று செய்தார். முறுக்குப் பிழிகிற உழக்கில் சைக்கிள் டியூபை இழுத்துக் கட்டி ஒன்று செய்தார், அது வயிறு உப்பிய எருமை மாதிரி உறுமியது. என் தலைமுடிச் சவுரியை அரிசிப் பானையின் குறுக்கே கட்டி வில்லால் தேய்த்தார். ஒவ்வொன்றும் சில நாள் பேசும். பிறகு சுவர் விழுங்கிவிடும். நான் இடியாப்பம் செய்யலாம் என்று போனால் அச்சு இருக்காது, ஜல்லடையைத் தேடினால் அதில் தோல் கட்டியிருக்கும். கரண்டிகளைப் பூட்டி வைத்தேன். பூட்டை எடுத்து அதில் ஒரு கிலுகிலுப்பை செய்தார்.

“ஏனுங்க, நீங்க பேசறக்கு நான் சமைக்காம இருக்கோணுமா?” என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினார்.

அன்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பருப்பு குக்கரில் இருந்தது. காலையிலிருந்து அறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அப்பாடா, தூங்குகிறார் போலிருக்கிறது, கொஞ்ச நேரமாவது என் வீட்டில் நிம்மதி என்று மனசார நினைத்தேன். உழக்கின் அடித்தட்டு வேண்டியிருந்தது, அதைப் பிடுங்கிக்கொண்டு வரலாம் என்றுதான் போனேன். கதவு நிலையைத் தாண்டிய அந்த நொடியில் எருமை உறுமல் முகத்தில் அறைந்தது. தரையில் கிடக்கிறார். உதடு நீலம் பாய்ந்திருக்கிறது. கழுத்துத் துளையில் காற்று அடைபட்டுக் கீச்சென்கிறது. கை மட்டும் உழக்கின் டியூபை விடாமல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

சளியை உறிஞ்சுகிற குழாயைத் துளையில் விட்டு எடுத்தேன். அவசரத்தில் இரண்டு தடவை தவறியது. மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் அவரைப் போட்டு அடி அடியென்று அடித்தேன், பிறகு பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். நிம்மதி என்று நினைத்தேனே, அந்த நினைப்பை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எத்தனை நேரமாக அந்த மனிதர் என்னைக் கூப்பிட்டாரோ.

அப்போதுதான் சமையலறையில் குக்கர் விசிலடித்தது. சுவரைத் தாண்டி, கதவு நிலையைத் தாண்டி, பக்கத்தில் வைத்த மாதிரி அத்தனை தெளிவாகக் கேட்டது. நான் அழுகையை நிறுத்தினேன். அவர் தரையில் படுத்தபடியே என்னைப் பார்த்தார்.

இந்தத் தடவை நானே எடுத்துக்கொடுத்தேன். இரண்டு குக்கரில் சின்னதை. மூடியில் இருந்த பாதுகாப்பு வால்வைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் சைக்கிள் டியூப் வால்வைப் பொருத்தினார். கட்டிலுக்கு அடியில் கால் பம்பு. நெருப்பும் இல்லை, ஆவியும் இல்லை. காற்றை அடித்து நிரப்பி வைத்துக்கொண்டால், கரண்டிக் காம்பால் விசிலை லேசாகத் தூக்க வேண்டியதுதான். அப்ரினைக் கூப்பிட்டுக் காட்டினோம். விசில் ஆடுகிற ஆட்டத்தை வைத்துத்தான் சுவர் அடையாளம் கண்டுகொள்கிறது, உள்ளே வேகிறது பருப்பா காற்றா என்று அதற்கு எப்படித் தெரியும் என்று சிரித்தாள். விலக்குப் பெற்ற சத்தத்தை அது கற்றுக்கொள்ளவும் செய்யாதாம்.

இரண்டு குட்டை விசில், ஒரு நெட்டை விசில் என்றால் உடனே வா. ஒரு நெட்டை மட்டும் என்றால், என்ன விஷயம் என்று கேட்கிறார். குட்டைகளாகப் படபடவென்று வந்தால் திட்டுகிறார் என்று அர்த்தம். எங்கள் சண்டை திரும்பி வந்தது. நான் சமையலறையிலிருந்து கத்துவேன், அவர் அறையிலிருந்து விசிலடிப்பார். கீழே தெருவில் காய்கறி வண்டியிடம் நின்றிருந்தாலும், பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாலும், இரண்டு குட்டை ஒரு நெட்டை கேட்டால் போட்டது போட்டபடி ஓடுவேன். பெரும்பாலும் மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்பதாகத்தான் இருக்கும். நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தேடிக் கொடுப்பேன். ராத்திரியில் நன்றாகத் தூங்கினேன்.

எனக்குக் கேட்டால் ஊருக்கே கேட்கும் அல்லவா. விலக்குக் கொடுத்த சத்தம் எல்லாச் சுவரையும் தாண்டும். சிவப்பிரகாசம் வந்தார்.

“ஏனுங்கம்மா, ஒரு நாளைக்கு உங்க ஊட்டுல எத்தன தடவதானுங்க பருப்பு வேகும்?”

விஷயத்தைச் சொன்னேன். இவரும் உள்ளிருந்து ஒரு வணக்கம் விசிலடித்தார். சிவப்பிரகாசம் கேட்டுவிட்டு வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார். “பாவந்தானுங்க. ஆனா பொது அமைதின்னு ஒண்ணு இருக்குதில்லீங்க?” என்றார். குக்கர் விசிலை விலக்கிலிருந்து எடுத்துவிடக் கோரிக் கூட்டம் போடச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறார்களாம்.

இவருக்கு ஒரு விலக்குக் கேட்டபோது மூன்று பேர் வந்த கூட்டம். விசிலைப் பிடுங்குவதற்கு நாற்காலி போதவில்லை. வீட்டுக்கு ஒரு கை என்பது சங்கத்தின் விதி. வந்த கைகள் எல்லாம் வீட்டுத் தலைவர்களின் கைகள், சாப்பிடும்போது தவிர குக்கரைக் கண்ணால் பார்த்தறியாத கைகள். நான் எழுந்து, மூச்சு அடைத்தால் அந்த மனிதர் எதை வைத்து என்னைக் கூப்பிடுவார் என்று கேட்டேன். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டார்கள். தரையைப் பார்த்துக்கொண்டே கை தூக்கினார்கள். தெரசா டீச்சர் வரவில்லை. அவர் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை.

அன்று மாலையே சுவர் விசிலையும் விழுங்கியது. நான் அரிவாள்மனையைப் படுக்கையறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கேயே காய் நறுக்கினேன், அங்கேயே மாவு பிசைந்தேன், கட்டிலெல்லாம் வெங்காயத் தோல். அவர் கழுத்துத் துளையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குளிக்கப் போனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளித்தேன். இப்படி எத்தனை நாள் ஓட்டுவது என்று நினைத்தால் எனக்கு மூச்சு அடைத்தது.

ஆனால் சுவரால் சத்தத்தைத்தான் விழுங்க முடியும், வாசனையை விழுங்க முடியாது. முதல் நாள் இரண்டாம் மாடியில் பருப்பு தீய்ந்தது. மறுநாள் நாலாபக்கமும் தீய்ந்தது. லிஃப்டில் ஏறினால் கருகல், படியில் இறங்கினால் கருகல். சிவப்பிரகாசம் வீட்டில் கொண்டைக்கடலை கரியாகி, குக்கரின் அடி கழன்று வந்துவிட்டது. அந்த வாரக் கடைசிக்குள் அவசரக் கூட்டம் போட்டார்கள். இந்தத் தடவை வந்த கைகளில் வளையல் இருந்தது. எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. விசிலுக்கு விலக்கு திரும்பி வந்தது. மயில்சாமிக்காக இல்லை, பருப்புக்காக. எதற்காக வந்தால் எனக்கென்ன, வந்ததே.

அதற்குப் பிறகு ஒரு நாள் நண்பகல். ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கிறேன், இரண்டு குட்டை, ஒரு நெட்டை. கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

“என்ன வேணும்?” என்றேன். ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டினார். “பின்ன என்னத்துக்குக் கூப்டீங்க? என்னைப் பாத்தா உங்களுக்கு வெளையாட்டாத் தெரியுதா?” என்று ஆரம்பித்தேன். இவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். கரண்டி கட்டிலில் கிடந்தது. விரலை மேலே நீட்டினார்.

இரண்டு குட்டை. ஒரு நெட்டை. கூரைக்கு மேலிருந்து.

மாடிப்படி ஏறினேன். தெரசா டீச்சர் வீட்டுக் கதவு தாழிடாமல் சாத்தியிருந்தது. சமையலறையில் டீச்சர் இரண்டு கையாலும் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கால்கள் வெடவெடவென்று நடுங்கின. அடுப்பில் குக்கர், பக்கத்தில் ஒரு கரண்டி. பின்னால் எட்டாத தூரத்தில் ஒரு மர நாற்காலி கவிழ்ந்து கிடந்தது.

“உங்க வீட்டுக்காரர் பாஷைதானே இது? சரியா வாசிச்சேனா?” என்றார்.

அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். இந்தப் பாஷை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பால்கனியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இந்த விசில் வந்தால் நான் துணியைப் போட்டுவிட்டு ஓடுகிறேன், வேறு விசிலுக்கு ஓடுவதில்லை. கணக்கு டீச்சருக்கு அது போதாதா?

நாற்காலியை நிமிர்த்தி அவர் பக்கத்தில் வைத்தேன். அதன் முதுகுக் கட்டை, கை பிடித்துப் பிடித்து வழவழவென்று தேய்ந்திருந்தது. கால்களின் அடியில் மரம் சாய்வாகத் தேய்ந்திருந்தது.

“முட்டி ரெண்டும் போயி வருசமாச்சு. இதத் தள்ளிக்கிட்டேதான் நடப்பேன்,” என்றார் டீச்சர். “ஊன்றதுக்கு கம்பு வாங்குனேன், அத நம்ப முடியல. கதவத் தொறக்க வர நேரமாகும்னு தாழ் போடறதில்ல.”

தண்ணீர் மொண்டு கொடுத்தேன். குடித்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

“சுவர் போட்ட பொறவு ஒருக்கா கூடத்துல விழுந்துட்டேன். நாற்காலி கைக்கு எட்டுச்சு. அதத் தரையில தட்டிக்கிட்டே கெடந்தேன். முன்னால எல்லாம் கொஞ்சம் இழுத்தாலே கீழேருந்து உங்க வீட்டுக்காரர் கத்துவாரு. அன்னைக்கு அவரு கத்தமாட்டாரான்னு இருந்துச்சு. மறுநா பால்காரர் வந்துதான் தூக்குனாரு.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னார். நான் குக்கரை இறக்கி, சோறு போட்டு, அவர் சாப்பிடும்வரை இருந்துவிட்டு இறங்கி வந்தேன்.

படியிறங்கும்போதே விசில் கேட்டது. ஒரு நெட்டை. என்ன? அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி எதற்கு என்பதையும், அவர் தட்டிக்கொண்டே கிடந்ததையும், இவர் கத்தமாட்டாரா என்று காத்திருந்ததையும். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கரண்டியைக் கையில் எடுத்தார். விசிலைத் தூக்காமல் திரும்ப வைத்துவிட்டார். அன்று முழுக்க என்னைக் கூப்பிடவே இல்லை. நானாகத்தான் அடிக்கொரு தரம் போய்ப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து உலை வைக்கப் போனால் பெரிய குக்கரைக் காணோம். எனக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஈரத் தலையோடு படுக்கையறைக்குப் போனேன், கட்டில் காலியாக இருந்தது. கூடத்தில் இல்லை, குளியலறையில் இல்லை. கால் பம்பும் இல்லை.

வாசலுக்கு ஓடினேன். செருப்பு அலமாரி திறந்து கிடந்தது. ஆபரேஷன் ஆனதிலிருந்து ஒரே இடத்தில் தூசி பிடித்துக் கிடந்த அவருடைய செருப்பு இல்லை. அதற்குப் பின்னால் போட்டு வைத்திருந்த அந்தப் பேசும் கருவியும் இல்லை. தூசியில் அது இருந்த இடம் மட்டும் சதுரமாகத் தெரிந்தது.

அது ஒன்றுக்குத்தான் தயவுசெய்து என்று சொல்லத் தெரியும். மன்னிக்கவும் என்று சொல்லத் தெரியும்.

மேலே என்ன சொன்னார், டீச்சர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஒரு வீட்டுப் பேச்சை இன்னொரு வீட்டுக்குச் சுவர் விடாது. படியேறிப் போய்க் கேட்கவும் தோன்றவில்லை. ரொம்ப நேரம் கழித்துக் கூரைக்கு மேலே ஒரு குட்டை விசில் தயங்கித் தயங்கி வந்தது, காற்றடித்த குக்கருக்குப் புதிதாகப் பழகுகிற கை. பிறகு இன்னொன்று. அப்புறம் ஒரு நெட்டை.

நான் பரணிலிருந்து சோறு வடிக்கிற பழைய பானையை இறக்கிக் கழுவி, அரிசியைப் போட்டேன். வடித்துச் சாப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. பதம் தப்பி அன்று சோறு குழைந்துவிட்டது.